கறுப்புத் தேயிலையின் இரண்டாந் தண்ணீர்

அரிசியைக் கழுவுவோம். பருப்பைக் கழுவுவோம். மீனை மஞ்சள் போட்டு, புளி போட்டு, மணம் போகும்வரை கழுவுவோம். தேயிலையைக் கழுவுகிற வழக்கம் மட்டும் எங்கள் ஆட்களிடம் கிடையாது. தேயிலையில் விழுகிற முதல் தண்ணீர்தான் எங்களுக்குத் தேத்தண்ணீர். சாயமும் அதில்தான், மணமும் அதில்தான், மரியாதையும் அதில்தான். அதற்குப் பிறகு அந்தத் தேயிலை பூங்கன்றுக்குப் பசளை.

இப்படி வளர்ந்த என்னிடம் ஒரு சீனப் பெண் வந்து, முதல் தண்ணீரைச் சிங்கில் ஊற்று, பிறகு வருவதைக் குடி என்றாள். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில் எனக்கு இரண்டாவது பனிக்காலம் அது. அந்தத் தேயிலையால் என் குடும்பம் கவிழப் பார்த்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த குடும்பம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கலியாணம் பேசி, படம் பார்த்து, விசா வந்து, விமானம் ஏறி வந்தவள் நான். அவர் எனக்கு முன்பே கனடா வந்து, அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். அவருக்கு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். எனக்கு மில்லிக்கன் பக்கத்தில் மின் தகடுகள் பொருத்துகிற தொழிற்சாலையில் காலை ஷிப்ட். நான் விடியப்புறம் பஸ் ஏறும்போது அவர் நித்திரை. நான் திரும்பி வரும்போது அவர் வேலைக்குப் புறப்பட்டுப் போயிருப்பார். அவர் வரும்போது நான் நித்திரை. சனிக்கிழமையில் ஓவர்டைம். மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதிலும் பாதியை அவர் நித்திரையில் கழித்துவிடுவார்.

ஆகவே என் கணவரை நான் அறிந்துகொண்டது அவர் விட்டுப்போன பொருட்களில்தான். கதவில் தொங்கும் ஈரத் துவாய். சரியாகப் பூட்டாத தண்ணீர்க் குழாய். மூலைக்கு மூலை பொருந்த மடித்த போர்வை. அவருக்காக நான் விடியவே பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போகும் பால் தேத்தண்ணீர் ஒரு நாளும் மிஞ்சியதில்லை. அதை வைத்து, நான் போடுகிற தேத்தண்ணீர் அவருக்குப் பிடிக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன். பாராட்டு என்று வேறொன்றும் வரவில்லை. ஏனென்றால் அந்த மனிதர் கதைக்க மாட்டார். கேட்டால் ஓம். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. சண்டை பிடிக்கவும் ஆள் வேண்டும் எனக்கு. சுவரோடு எத்தனை நாளைக்குக் குடும்பம் நடத்துவது? என் அண்ணா அந்த வருடம் ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் புதிதாக வீடு வாங்கியிருந்தார். மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. "கொஞ்ச நாளைக்கு வந்து இருந்து பார், பிள்ளை" என்றார். கொஞ்ச நாள் என்பதற்கு எங்கள் ஆட்களிடம் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். போகிற பெண் திரும்பி வருவது அபூர்வம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு போடும்போது அவரிடம் சொன்னேன். அண்ணா கூப்பிடுகிறார், அங்கே போய் இருக்கலாம் என்று யோசிக்கிறேன் என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உமக்குச் சரி எண்டால் போம்" என்றார்.

போகாதேயும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே அந்தக் கதையை மூடியிருப்பேன். ஏன் என்று கேட்டிருந்தால்கூடப் போதும். அந்தப் 'போம்' என்ற சொல் எனக்கு விழுந்த அடியாக இருந்தது. ஸ்னோ கொஞ்சம் குறையட்டும், வந்து கூட்டிக்கொண்டு போங்கோ என்று அண்ணாவுக்கு அறிவித்துவிட்டேன்.

இந்தக் கவலையிலும் கோபத்திலும் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. விடியப்புறம் வெறும் வயிற்றில் கடும் சாயத்தில் பாலும் சீனியும் போட்டுக் குடித்துவிட்டு ஓடுவேன். பத்து மணி இடைவேளைக்குள் நெஞ்சு வரைக்கும் எரிந்துகொண்டு வரும். மருந்துக்கடையில் ஒரு வெள்ளை மருந்து வாங்கி பிரிட்ஜில் வைத்து மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது?

தொழிற்சாலை லைனில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு சீனப் பெண் இருந்தாள். என்னைவிட வயதில் கொஞ்சம் கூடியவள். ஓயாத சிரிப்பும் ஓயாத அதிகாரமும். அவளுடைய ஆங்கிலத்தையும் என்னுடைய ஆங்கிலத்தையும் கூட்டினாலும் ஒரு முழு வசனம் தேறாது. ஆனாலும் மேற்பார்வையாளரின் புதுத் தலைமுடி தொடக்கம் மாமியார் கொடுமை வரை நாங்கள் கதைக்காதது இல்லை. அவள் காலையில் ஒரு வெறும் கோப்பிப் போத்தலுக்குள் தேயிலையைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றிக் கொண்டுவருவாள். குடிக்கக் குடிக்க உணவறைக் கேத்தலில் இருந்து மறுபடி ஊற்றுவாள். காலையில் அந்தப் போத்தல் கன்னங்கரேல் என்றிருக்கும். மத்தியானம் சிவப்பு. வீட்டுக்குப் போகும் நேரம் தேன் நிறம். நாள் முழுக்க ஒரே தேயிலை. என்ன கஞ்சத்தனம் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

நான் நெஞ்சைத் தடவுவதை அவள் கவனித்திருக்கிறாள். அடுத்த நாள் மெல்லிய வெள்ளைக் கடதாசியில் சுற்றிய ஒரு கட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். குருவிக்கூட்டைக் கவிழ்த்தது போல இருந்தது. "போ லே" என்றாள், அந்தத் தேயிலையின் பெயராம். வயிற்றைத் தட்டிக் காட்டி, நல்லது என்றாள். மணந்து பார்த்தேன். மழைக்கு நனைந்து வெயிலில் காய்ந்த சாக்கு. அதில் கொஞ்சம் பழைய மர அலுமாரி.

வீட்டுக்கு வந்து உலக்கைக் கட்டையால் ஒரு மூலையை இடித்தேன். பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்து, எங்கள் முறைப்படி டின்பாலும் சீனியும் விட்டு ஆற்றினேன். ஒரு வாய்தான். சாக்கைப் பாலில் ஊறவைத்தால் என்ன வருமோ அதுதான் வந்தது. தேயிலை பழுதாகிவிட்டது, பாவம், அவளுக்குத் தெரியாமல் தந்துவிட்டாள் என்று நினைத்தேன். எங்களுக்குத் தேயிலை என்றால் புதிது. டின் மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். ஈரம் பட்டால் குப்பைக்குப் போகவேண்டும்.

இருந்தாலும் தந்தவளின் மனம் நோகக் கூடாதே. ஒரு துண்டை உணவறைக்குக் கொண்டுபோய், அவள் பார்க்கக் கோப்பையில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினேன். கறுத்துக்கொண்டு வந்தது. அந்த முதல் தண்ணீரை மூக்கைப் பிடிக்காத குறையாகக் குடித்துவிட்டு, தேயிலையைக் குப்பைத் தொட்டியில் தட்டினேன். அவள் போட்ட சத்தத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நான் குடித்தது ஊற்றவேண்டியது, எறிந்தது ஊறவிட்டுக் குடிக்கவேண்டியது என்று அவள் கையாலும் கண்ணாலும் விளங்கப்படுத்தியபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவளே போட்டுக் காட்டினாள். தண்ணீர் குதித்துக் கொதிக்கவேண்டும், சும்மா சூடு போதாது. முதல் தண்ணீர் தேயிலையில் பட்டதும் உடனே சிங்குக்குள். அது தூசியைக் கழுவுவதற்கு. நித்திரையில் இருக்கிற இலையை எழுப்புவதற்கு என்று கண்ணை மூடித் திறந்து காட்டினாள். அடுத்த தண்ணீர் விட்டு, கனநேரம் வைக்காமல் வடித்தாள். அது கறுப்பாக, தடிப்பாக, மண்ணும் மரமும் கலந்து நாக்கில் ஏறி உட்கார்ந்தது. அதற்கடுத்தது கொஞ்சம் இறங்கி வந்தது. பிறகு வந்ததைத்தான் நான் மறக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளம்பழ முத்துப் போலச் சிவந்து தெளிந்திருந்தது. சாக்கு மணம் போன இடம் தெரியவில்லை. கசப்பில்லை, துவர்ப்பில்லை, சீனி போடாமலே தொண்டையில் ஒரு தித்திப்பு பிந்தி வந்தது. வயிற்றுக்குள் போய்ச் சத்தம் போடாமல் இருந்தது.

இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் மூடி, குவியல் தானே சூடேறிப் புளிக்கும்வரை விடுவார்களாம். பிறகு அமுக்கிக் கட்டியாக்கி வருடக்கணக்கில் வைப்பார்களாம். பழசு நல்லது, புதுசு கூடாது என்றாள். தோசை மாவைப் புளிக்க வைக்கிற எங்களுக்கு இது விளங்காத விஷயமில்லை. ஆனால் நாங்கள் புளித்த மாவை அடுத்த நாளே சுட்டுவிடுகிறவர்கள். ஒரு பொருளைப் பழுதாகும் எல்லைக்குக் கொண்டுபோய், அங்கே நிறுத்தி, இத்தனை வருடம் பொறுத்திருக்க எங்களால் முடியுமா என்று அன்றைக்கு பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். என்னால் முடியாது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பதில் வந்தாகவேண்டும்.

அந்த ஞாயிறு சாப்பாட்டின்போது இந்தக் கதையை நடித்தே காட்டினேன். அவள் கத்தியது, எல்லோரும் பார்த்தது, முதல் தண்ணீர், பிந்திய தண்ணீர், ஒன்றும் விடவில்லை. அவர் பழைய பேப்பரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கதை முடிய "ஓம்" என்றார். நான் எழுந்துபோய்க் கோப்பைகளைச் சத்தமாகக் கழுவினேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தால், அடுப்படியில் தட்டால் மூடிய ஒரு கோப்பை. திறந்தால் அந்தக் கறுப்புத் தேயிலைத் தண்ணீர், இளஞ்சூடாக. பக்கத்தில் கேத்தலோடு ஒரு வடிகட்டி. அதற்குள் தேயிலை நன்றாக ஊறி, விரிந்து, களைத்துப்போய்க் கிடந்தது. சிங்கில் அவர் குடித்த கோப்பை, அடியில் கறுப்புக் கறை. நடந்தது என்ன என்று பார்த்தவுடனே தெரிந்தது. முதலில் அவர் சாயமாகக் குடித்திருக்கிறார். பிறகு அதே தேயிலையில் தண்ணீர் விட்டு எனக்கு வைத்திருக்கிறார்.

இதில் என்ன இருக்கிறது என்று வேறு ஆட்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே தேத்தண்ணீர் இல்லை. கதிரையில் உட்காருகிறவருக்குப் புதுத் தேயிலை. படலையோடு, முற்றத்தோடு நிற்கவேண்டியவர் என்று நாங்கள் வைத்திருந்தவருக்கு, ஊற்றி முடிந்த தேயிலையில் விட்ட இரண்டாந் தண்ணீர், அதுவும் வேறு பாத்திரத்தில். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பழகியது. அசிங்கமான பழக்கம்தான், ஆனால் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. சீனப் பெண் தன் போத்தலில் தானே ஊற்றிக் குடிப்பது வேறு. தான் குடித்து முடித்ததில் தண்ணீர் விட்டு மனைவிக்கு மூடி வைப்பது வேறு. என்னை என் வீட்டு அடுப்படியிலேயே முற்றத்தில் நிறுத்திவிட்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அதைச் சிங்கில் ஊற்றினேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். அடுத்த நாளும் வைத்திருந்தார். அதற்கடுத்த நாளும். ஒரு நாளாவது குடித்துப் பார்த்திருக்கலாம், ரோசம் விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஊற்றிக் கழுவி வைத்தேன். பெரிய சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்தேன். ஸ்னோ குறைந்தபாடில்லை. ஆனாலும் இந்த ஞாயிறே வாங்கோ என்று அண்ணாவுக்குச் சொல்லிவிட்டேன்.

அண்ணா தன் வான் வண்டியில் வந்தார். அவர் வந்து நின்றதும் என் கணவர் சூட்கேசைத் தானே தூக்கிப் படியடியில் கொண்டுபோய் வைத்தார். எவ்வளவு உதவி பாருங்கள்! அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"மச்சான், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றார் அவர்.

"சுணங்கும், மச்சான். 401 ரோட்டு இறுகப் போகுது" என்றார் அண்ணா. ஆனாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார்.

என் கணவர் தேத்தண்ணீர் போடுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கட்டியை இடிக்கவில்லை. கத்தி முனையைப் படைகளுக்கு இடையில் விட்டு, இலை முறியாமல் உரித்தெடுத்தார். தண்ணீர் குதித்துக் கொதிக்கும்வரை நின்றார். முதல் தண்ணீரை உடனே சிங்கில் வடித்தார். நான் ஞாயிற்றுக்கிழமை நடித்துக் காட்டியதில் ஓர் அசைவு பிசகவில்லை. பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்!

அடுத்ததை அண்ணாவுக்கு ஊற்றினார். அண்ணா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உது என்ன மச்சான், சாக்கு ஊற வைச்ச தண்ணியோ? வான் குளிர்ந்துபோகும், நான் போய் ஸ்ராட் பண்ணுறன். பிள்ளை, கெதியா வா" என்று சூட்கேசையும் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார்.

அதற்கடுத்த தண்ணீரை அவர் தனக்கு ஊற்றி நின்றபடி குடித்தார். பிறகும் ஒன்றை வடித்து, அதையும் தானே குடித்தார். நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். போகிற நேரத்திலும் எனக்குக் கடைசிதானா என்று நெஞ்சு கொதித்தது. அதற்குப் பிறகு வந்ததைத்தான் என் முன்னால் வைத்தார்.

"குடிச்சிட்டுப் போம்."

"ஏன், நீங்கள் குடிச்சு முடிச்ச கழுவல் தண்ணிதானோ எனக்கு? நான் என்ன முத்தத்திலை நிக்கிறவளோ?" கேட்டுவிட்டேன்.

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "முதல் வாறது சாயம் கடுப்பு" என்றார். "உம்மடை வயித்துக்கு ஒத்துவராது. நாலைஞ்சு தரம் போனாப் பிறகுதான் பதமா வரும்."

"என்ரை வயித்தைப் பற்றி உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பிரிட்ஜிலை வெள்ளை மருந்து இருக்கு. கிழமைக்குக் கிழமை குறையுது."

அந்த மனிதரை நான் துவாயிலும் போர்வையிலும் தேடிக்கொண்டிருந்த நாட்களில், அவர் என்னை ஒரு மருந்துப் போத்தலில் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். கதிரையில் உட்கார்ந்தேன். கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன். உணவறையில் குடித்ததைவிட நன்றாக இருந்தது. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

"இதை வாயைத் திறந்து சொன்னால் என்ன?"

"எப்ப சொல்லுறது? நான் வரேக்கை நீர் நித்திரை. நீர் போகேக்கை நான் நித்திரை."

"ஞாயிற்றுக்கிழமை?"

"ஞாயிற்றுக்கிழமையிலை நீர் கோவம்."

வெளியே வான் உறுமுவது கேட்டது. அவர் கோப்பையைப் பார்த்தபடி, "ஒவ்வொரு நாளும் குடிச்சுப்போட்டுக் கழுவி வைச்சிருந்தீர். பிடிச்சிருக்கு எண்டு நினைச்சன்" என்றார்.

மறைத்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அது வராது. "நான் ஒரு நாளும் குடிக்கேல்லை" என்றேன். "எல்லாத்தையும் சிங்கிலை ஊத்தினன்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

அவர் சிங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்தக் கடுப்புத் தண்ணியை எல்லாம் நான் என்னத்துக்குக் குடிச்சனான்? உமக்குத் தந்த சாமான், ஊத்த மனம் வரேல்லை எண்டு குடிச்சன். எனக்குத் தேத்தண்ணியே பிடிக்காது."

"பிடிக்காதோ? பிளாஸ்கிலை ஒரு நாளும் மிஞ்சேல்லையே?"

"சின்னனிலை இருந்து பிடிக்காது. நான் கோப்பி."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. இரண்டையும் நிறுத்தத் தெரியாமல் ஜாக்கெட்டோடு மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றினார். அந்த நேரம் பார்த்து அண்ணா படியின் மேலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, என்ன, வாறியோ இல்லையோ?"

நான் மேசையில் இருந்து தலையைத் தூக்கவில்லை. என் கணவர்தான் படியடிக்குப் போய் மேலே பார்த்து, நான் ஒரு நாளும் கேட்டிராத அளவு சத்தமாகச் சொன்னார்.

"அவ வரேல்லை, மச்சான். சூட்கேசை இறக்குங்கோ."

என்னைக் கேட்காமல் எனக்காகப் பதில் சொல்கிற ஆம்பிளைகளை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அன்றைக்கு மட்டும் நான் குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை.